ஊழியருக்கும் ஒரு சுமைதாங்கி வேண்டும்

சென்னைச் சபைகளில் ஊழியம் செய்கிறவர்களுக்கு வருஷத்தின் கடைசி மூன்று மாதங்கள் ஒரே மூச்சில் ஓடிவிடும். அறுப்பின் பண்டிகையும் ஏலமும் முடிந்து கணக்கை ஒப்படைப்பதற்குள், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் நாட்களான அட்வெந்து வந்து நிற்கும். பிறகு கேரல் ரவுண்ட், ஞாயிறு பள்ளி நாடகம், வாலிபர் கிறிஸ்துமஸ், பெண்கள் ஐக்கிய சங்கக் கிறிஸ்துமஸ், 25ஆம் தேதி அதிகாலை ஆராதனை, 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை, விடிந்தால் புத்தாண்டு ஆராதனை. இதே மாதங்கள்தான் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா, 2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் எல்லாமே அட்வெந்து நாட்களில் வந்தவை. 2004இல் கடல் பொங்கியது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலையில். பட்டினப்பாக்கத்திலோ வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ சபை நடத்துகிறவர், சமாதானப் பிரபுவைப் பற்றிப் பிரசங்கம் எழுதும் அதே வாரத்தில் பால் பாக்கெட்டும் போர்வையும் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடக்க நேரிடும்.

அந்த நாட்களில் நெஞ்சு படபடக்கும். தூக்கம் வராது. வீட்டில் சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். ஊழியர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்: "என் ஜெபம் குறைந்துவிட்டது, அதனால்தான் சமாதானம் போய்விட்டது." அதைச் சரிசெய்ய வாரத்தில் இன்னொரு நாள் உபவாசம், மாதத்தில் இன்னொரு முழு இரவு ஜெபம் என்று கூட்டிக்கொள்வார். நிலைமை இன்னும் மோசமாகும். இந்த இடத்தில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. சமாதானம் தேவனுடைய கொடை, அதில் எனக்கு ஐயமே இல்லை. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய உடம்பு தூங்காமலும், வாங்கிக்கொள்ள வேண்டிய மனது தனியாகவும் இருந்தால், ஜெபத்தின் மணிக்கணக்கைக் கூட்டுவது மட்டும் போதாது.

வேதமே இதைத்தான் காட்டுகிறது. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை ஊழியர்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருப்பார்கள். தங்களுக்கென்று ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். தீர்க்கதரிசி எலியா சோர்ந்து விழுந்தது தோல்விக்குப் பிறகு அல்ல, கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்ற பிறகு. அன்று ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல்வரைக்கும் ஓடியிருக்கிறார். ராணி யேசபேலின் மிரட்டல் வந்ததும் பெயெர்செபாவுக்கு ஓடுகிறார். அங்கே தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போகிறார். களைப்போடு தனிமையும் சேர்ந்த பிறகுதான் சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்ற வார்த்தை வருகிறது.

தேவன் அதற்குச் செய்தவற்றை வரிசையாகப் பாருங்கள். முதலில் தூக்கம். பிறகு தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. தூதன் ஒரு கடிந்துரையும் சொல்லவில்லை. பிரயாணம் வெகுதூரம் என்று மட்டும் சொல்கிறான். நாற்பது நாள் நடை கழிந்து ஓரேப் மலையில்தான் பேச்சே தொடங்குகிறது. அங்கே எலியா தன் குறையை ஒரே வார்த்தைகளில் இரண்டு முறை சொல்கிறார். தேவன் இரண்டு முறையும் கேட்கிறார். கடைசியாக வேலை பகிரப்படுகிறது: உன் ஸ்தானத்தில் தீர்க்கதரிசியாக எலிசாவை அபிஷேகம்பண்ணு என்கிறார். தூக்கம், ஆகாரம், நடை, மனம்விட்ட பேச்சு, துணை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஓரேபில் எலியா கேட்ட தேவனுடைய மெல்லிய சத்தத்தை முதலில் கேட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம் உடைகிறார்கள்.

தூக்கத்திலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலான ஊழியர்களுக்குத் தூக்கம் கெடுவது சனிக்கிழமை இரவு. காரணம், பிரசங்கம் முடிந்திருக்காது. செவ்வாய் வேதபகுதியைத் தீர்மானிப்பது, புதன் வாசிப்பு, வியாழன் குறிப்பு, வெள்ளி மாலை ஆறு மணிக்குள் எழுதி முடிப்பது என்று வைத்துக்கொண்டால் சனிக்கிழமைக்கு இருபது நிமிஷத் திருப்பிப் பார்த்தலும் ஜெபமும் மட்டும் மிஞ்சும். வாரத்தின் நடுவில் அடக்க ஆராதனை வந்து இந்த ஒழுங்கைக் கலைக்கும், அது தவிர்க்க முடியாதது. அதற்காகவே முழுதாக எழுதி முடித்த இரண்டு செய்திகளைக் கையிருப்பாக வைத்திருப்பது நல்லது. பழைய செய்தியைச் சொல்வது விசுவாசக் குறைவு அல்ல.

ஞாயிறு இரவு வேறு விதம். காலை நான்கரைக்கு எழுந்து, இரண்டு ஆராதனை, திருவிருந்து, நடுவில் ஒரு வீட்டுப் பிரதிஷ்டை, மாலையில் வாலிபர் கூட்டம் என்று ஓடிய உடம்பு இரவு பதினொரு மணிக்கும் விறைப்பாகவே இருக்கும். மறுநாள் அந்த விறைப்பு இறங்கும்போது ஒரு காலித்தனம் வரும். திங்கள் காலை "நான் இந்த ஊழியத்துக்குத் தகுதியானவனா" என்ற கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் முளைக்கிறது. எனவே திங்கள் அன்று ராஜினாமாக் கடிதம் எழுதவேண்டாம், கமிட்டிக்குப் பதில் அனுப்பவேண்டாம், இடமாற்றம் பற்றி முடிவெடுக்கவேண்டாம். அந்த நாளை ஓய்வுநாளாகச் சபையில் அறிவித்தே எடுத்துக்கொள்ளலாம். அறிவிக்காமல் எடுக்கும் ஓய்வு மூன்றாவது வாரம் காணாமல் போய்விடும்.

காபியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை யாரும் ஊழிய விஷயமாக நினைப்பதில்லை. மாலை நேரத்தில் ஆறு வீடு சந்தித்தால் ஆறு டம்ளர் காபியோ டீயோ உள்ளே போகும். வேண்டாம் என்றால் அந்த வீட்டம்மா மனம் வருந்துவார். தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீனில் ஏறக்குறைய பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மாலை நான்குக்கு மேல் "சுக்கு வெந்நீர் இருந்தா குடுங்கம்மா" என்று நாமே கேட்டுவிட்டால் அவர்களுக்கும் எதையோ கொடுத்த நிறைவு இருக்கும். சர்க்கரையும் குறையும்.

முழு இரவு ஜெபத்தை விடச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒன்று போதும். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளியில் வைக்காமல் இருந்தால் நல்லது. ஜெபம் முடிந்து அதிகாலை நான்கு மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் தனியாக பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது மட்டும் கூடவே கூடாது. சபைக் கட்டடத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டு, வெளிச்சம் வந்தபின் கிளம்பலாம்.

அடுத்தது தனித்த ஜெபம். இதில் தவறிப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: சொந்தத் தியானத்துக்கு உட்கார்ந்து ஐந்தாவது நிமிஷத்தில் "இது ஞாயிறு செய்திக்கு நல்லாயிருக்குமே" என்று பேனா தானாகவே குறிப்பெடுக்கத் தொடங்கிவிடும். ஆகவே அந்த வாரத்துச் செய்தியோடு தொடர்பில்லாத ஒரு பகுதியை எடுப்பது நல்லது, சங்கீதங்கள் பொருத்தமானவை. அச்சிட்ட வேதாகமம் போதும், போன் அடுத்த அறையில் இருக்கட்டும். இருபத்தைந்து நிமிஷம் என்று கணக்கு வையுங்கள். முதல் ஐந்து நிமிஷம் மூச்சு: நான்கு விநாடி உள்ளே இழுத்து, ஆறு விநாடி மெதுவாக வெளியே விடுவது. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிவிடும் மூச்சு நீளமானால் இதயத்துடிப்பு இறங்கும். தேவன் உடம்பை அப்படித்தான் படைத்திருக்கிறார், இதில் வேறு வழிபாடு எதுவும் கலக்கவில்லை. இழுக்கும்போது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", விடும்போது "நான் தாழ்ச்சியடையேன்" என்று மனதுக்குள் சொல்லலாம். தலை சுற்றினால் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். அளவைக் குறைத்து, வேகத்தை மட்டும் மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பத்து நிமிஷம் ஒரே சங்கீதத்தை வாய்விட்டு இரண்டு முறை வாசிப்பது. நெருக்கமான நாட்களில் 13ஆம் சங்கீதம் நல்ல துணை. ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று கேட்டுத் தொடங்கி, நடுவில் விண்ணப்பம் செய்து, நம்பிக்கையில் முடிகிறது. நம்பிக்கைக்கு வந்துசேர முடியாத நாட்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது; அது இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. அதுவும் வேதத்தில் ஜெபமாகவே இடம்பெற்றிருக்கிறது. மேடையில் எப்போதும் சந்தோஷமாகத் தெரியவேண்டிய ஒருவர் தேவனிடமாவது முறையிடலாம் என்பதற்கு இதைவிட வேறு அனுமதி தேவையில்லை. மீதி நேரத்தில் சொந்த வார்த்தைகளில் நான்கைந்து வரி எழுதிப் பார்க்கலாம்: என்ன நடந்தது, அது எனக்கு என்ன செய்தது, என்ன கேட்கிறேன். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஊழியரின் குறிப்பில் அடுத்தவர் ரகசியம் இருக்கும். வைத்திருந்தால் எழுதவே கை தயங்கும்.

இடம் ஒரு பிரச்சினைதான். ஒரு படுக்கையறை வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அமைதி கிடைக்காது. சபைக் கட்டடம் சொந்தமாக இருந்தால் ஆராதனை இல்லாத காலையில், விசிறி கூடப் போடாமல் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். முன்னால் உட்கார்ந்தால் மைக் சரியில்லை, பெயின்ட் உரிந்திருக்கிறது என்று வேலைதான் கண்ணில் படும். வாடகை ஹால்காரர்களுக்கு அதிகாலைக் கடற்கரை உண்டு. பரங்கிமலையில் ஏறுகிறவர்களும் சாந்தோம் பேராலயத்தில் கொஞ்ச நேரம் அமர்ந்துவிட்டுப் போகிறவர்களும் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். வேறு சபைப் பிரிவின் ஆலயத்தில் நம்மை யாரும் அடையாளம் கண்டு "பாஸ்டர், ஒரு நிமிஷம்" என்று கூப்பிடமாட்டார்கள்.

அடக்க ஆராதனைகளைத் தனியாகச் சொல்லவேண்டும். இங்கே மரணம் நடந்த அன்றோ மறுநாளோ அடக்கம் நடந்துவிடுகிறது. வீட்டில் ஜெபம், ஆலயத்தில் ஆராதனை, பிறகு கீழ்ப்பாக்கம் அல்லது காசிமேடு கல்லறைத் தோட்டம். அங்கிருந்து நேராகக் கல்யாண ஒத்திகைக்குப் போகவேண்டியிருக்கும். பத்து வயதுப் பிள்ளையை அடக்கம்பண்ணிவிட்டு வந்தவர் முகத்தை மாற்றிக்கொண்டு சிரிக்கலாம், ஆனால் அந்தத் துக்கம் எங்கும் போயிருக்காது. பழைய நெடுஞ்சாலைகளில் தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ள ஆள் உயரத்துக்குச் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்திருந்தார்கள். இரண்டு வேலைகளுக்கு நடுவே அப்படி ஒரு பதினைந்து நிமிஷம் ஊழியருக்கு வேண்டும். கைகால் முகம் கழுவி, சட்டை மாற்றி, தண்ணீர் குடித்து, மரித்தவரின் பெயரையும் வீட்டாரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேவனிடம் சொல்லி ஒப்படைப்பது. அன்றிரவே யாரிடமாவது "இன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்று ஒரு வாக்கியமாவது சொல்வது.

போனில் வருகிற ஜெபக்குறிப்புகள் இன்னொரு வகைச் சுமை. வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே விட்டால் சாப்பாட்டு நேரத்திலும் ஒருவருடைய புற்றுநோயும் இன்னொருவருடைய விவாகரத்தும் கண்முன்னே ஓடும். காலை பத்து மணி, மாலை ஐந்து மணி என்று இரண்டு வேளை மட்டும் எடுத்து, ஒரு நோட்டில் எழுதி, எழுதின இடத்திலேயே ஜெபித்து நோட்டை மூடுவது நல்ல வழக்கம். இரவு ஒன்பதரைக்குப் பிறகு மரணம், ஆஸ்பத்திரி அவசரம், உயிராபத்து இவற்றுக்கு மட்டும் ஒரு எண்; அதை மூப்பர்கள் முறைவைத்து எடுக்கட்டும். மற்ற அழைப்புகளுக்கு "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே கூப்பிடுறேன்மா" என்று சொன்னால் போதும். சொன்னபடி கூப்பிட்டுவிட வேண்டும். அது தவறினால் ஜனங்கள் மறுபடி நள்ளிரவிலேயே கூப்பிடத் தொடங்குவார்கள், அதில் அவர்கள் குற்றம் இல்லை.

சில விஷயங்களை நோட்டில் எழுதி ஜெபித்துவிட்டு அடக்கி வைக்கவே கூடாது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஊழியருக்கும் விலக்கு இல்லை. பிள்ளைகளுக்கு 1098, வீட்டில் அடிபடும் பெண்களுக்கு 181. சபையின் நற்பெயருக்காக இவற்றை மறைத்து வைத்திருக்கிற ஊழியருக்கு எந்தத் தியான முறையாலும் சமாதானம் வராது. வரவும் கூடாது என்றே நினைக்கிறேன்.

வேலையைப் பகிர்வது பற்றி யாத்திராகமம் 18இல் மாமனார் எத்திரோ மோசேயிடம் சொன்னது எல்லாருக்கும் தெரியும்: நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள். தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? 120 குடும்பம் உள்ள சபை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்துக் குடும்பமாகப் பன்னிரண்டு குழு, குழுவுக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா. காய்ச்சல், பிறந்தநாள், பரீட்சை, வேலைத் தேடல் இவற்றுக்கான ஜெபமும் சந்திப்பும் அவர்கள் பொறுப்பு. மரணம், தீவிர சிகிச்சைப் பிரிவு, குடும்பம் பிரியும் நிலை, தற்கொலைப் பேச்சு இவை மட்டும் போதகரிடம் வரும். காகிதத்தில் அழகாக இருக்கும். மூன்றே மாதத்தில் சரிந்துவிடும். ஒரு வீட்டில் "குழு அக்கா வந்தாங்க, பாஸ்டர் வரலையே" என்று சொன்னதும் போதகர் அன்றிரவே ஓடிப்போய் நிற்பார். அதோடு அந்த அக்காவின் ஊழியம் முடிந்தது. அந்த நேரத்தில் "அக்கா வந்து ஜெபிச்சாங்கல்ல, நானே வந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருப்பதற்கு நல்ல மனத்துணிவு வேண்டும். எல்லா வீட்டிலும் நாமே வேண்டப்படவேண்டும் என்ற ஆசை ஊழியருக்குள் ஆழமாக இருக்கும். அதைத் தேவசமூகத்தில் பெயர் சொல்லி அறிக்கையிட்டால் ஒழிய எந்தக் குழு அமைப்பும் நிலைக்காது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. காணிக்கையை எப்போதும் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திடட்டும், அதில் போதகரும் அவர் வீட்டாரும் சேரவேண்டாம். சபைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனித்தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். சம்பளம் நிச்சயமில்லாத சுயாதீன சபைக்காரர்கள், கடந்த பன்னிரண்டு மாதத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தை அளவாக வைத்துக் குடும்பச் செலவைத் திட்டமிட்டால் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் நெஞ்சை அடைக்காது. கமிட்டிக் கூட்டம் இரவு ஒன்பதுக்குள் முடியட்டும். பதினொரு மணிக்கு வரும் குற்றச்சாட்டுச் செய்திக்கு மறுநாள் காலை ஆகாரத்துக்குப் பிறகு பதில். அதுவும் எழுத்தில் வேண்டாம், நேரில்.

வீட்டில் இருக்கிறவரை மறந்துவிடுகிறோம். பாஸ்டரம்மா என்று அழைக்கப்படுகிறவருக்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை, சபையில் மனம்விட்டுப் பேச ஒரு தோழியும் இல்லை. திங்கள் ஓய்வு அவருக்கும் ஓய்வாக இருக்கவேண்டும். அன்று சமையலைப் போதகரே பார்க்கலாம்.

ஊழியருக்குத் தன் சபைக்கு வெளியே ஓர் ஆள் வேண்டும், இதை நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். பவுல் 2 கொரிந்தியர் 7இல், புறம்பே போராட்டமும் உள்ளே பயமும் இருந்தபோது தேவன் தனக்கு ஆறுதல் செய்தது தீத்து வந்ததினாலே என்று எழுதுகிறார். தரிசனத்தினாலே அல்ல, நண்பர் ஒருவர் வந்ததினாலே. மூன்று அல்லது நான்கு போதகர்கள், முடிந்தால் வேறு வேறு சபைப் பிரிவுகள், மாதத்தில் ஒரு செவ்வாய் இரண்டு மணி நேரம் கூடலாம். அங்கே விசுவாசிகளின் எண்ணிக்கையையும் கட்டட நிதியையும் பேசக்கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர் வசனம் சொல்லிக் குறுக்கிடக்கூடாது. அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது, ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும். இந்த மூன்றில் ஒன்று மீறப்பட்டாலும் அடுத்த மாதம் எல்லாரும் நலம் என்று சொல்லிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

இவ்வளவும் செய்தும் இறங்காத பாரம் இருந்தால் அது நோயாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுதும் மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, சாப்பாடு இறங்காமை, செத்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு இவை இருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு இவற்றைப் பார்ப்பார்கள். இவை குறைந்தாலும் கூடினாலும் மனச்சோர்வு போலவே தெரியலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது. வியர்வை, நடுக்கம், எரிச்சல், குழப்பம் வந்தால் அது ஆவிக்குரிய போராட்டம் அல்ல, சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். உடனே சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ குடிக்கவேண்டும்.

மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். பத்தாவது நாள் "ஒன்றும் மாறவில்லை" என்று நிறுத்துவதும், சற்றுத் தெளிந்தவுடன் "கர்த்தர் சுகம் தந்துவிட்டார்" என்று சாட்சி சொல்லி நிறுத்துவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. இரண்டிலும் நோய் தீராமல் போகவோ திரும்பவோ கூடும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே இந்த நகரம் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறது. 1794இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையில் இன்றும் கட்டணமில்லாமல் சிகிச்சை கிடைக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எனும் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். 1986இலிருந்து சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. பெயரையோ ஊழியத்தையோ சொல்லவேண்டிய அவசியமில்லை.

சிகிச்சைக்காக விடுப்பு எடுத்தால் சபைக்கு எவ்வளவு சொல்வது என்ற கேள்வி வரும். "உடல்நலக் காரணமாக மருத்துவர் ஆறு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார், இந்த நாட்களில் இன்னார் பொறுப்பு" என்று மூப்பர் வாசித்தால் போதும். மீதியைச் சொல்வதா வேண்டாமா என்பது நலமடைந்த பின் ஊழியர் தாமே முடிவு செய்யவேண்டியது. திரும்பி வரும் முதல் ஞாயிறு குடும்பத்தோடு சபையாரில் ஒருவராக உட்கார்ந்து ஆராதிக்கட்டும், மேடை வேண்டாம். இரண்டாவது ஞாயிறு ஆசீர்வாதம் மட்டும். மூன்றாவது வாரம் ஒரே ஓர் ஆராதனையில் பதினைந்து நிமிஷச் செய்தி. வீடு சந்திப்பு, ஆலோசனை, அடக்கம் இவை ஒரு மாதம் கழித்து, ஒவ்வொன்றாக.